ஆர்க்காஞ்செலோ ஸ்காக்கி

ஆர்க்காஞ்செலோ ஸ்காக்கி (பெப்ரவரி 9, 1810 – அக்டோபர் 11, 1893) இத்தாலியைச் சேர்ந்த புகழ்பெற்ற கனிமவியலாளரும் படிகவியலாளரும் ஆவார். நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்தில் கனிமவியல் பேராசிரியராகவும், அங்குள்ள அரச கனிம அருங்காட்சியகத்தின் இயக்குநராகவும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் பணியாற்றினார். வெசூவியஸ் எரிமலையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் மட்டுமே அந்நாளில் அறியப்பட்டிருந்த பல அரிய கனிமங்களைச் சேகரித்து, அளந்து, பெயரிட்டவர் இவரே. பெரிக்கிளேசு, வோல்ட்டைட், டைமார்ஃபைட், மைக்ரோசோமைட், டொலெரோஃபனைட், கசுப்பிடின் ஆகியவை இவர் முதலில் விவரித்த கனிமங்களுள் சில.

இளமையும் கல்வியும்

ஸ்காக்கி தென் இத்தாலியின் புல்யா பகுதியிலுள்ள கிராவினா என்னும் ஊரில் பிறந்தார். அப்போது அப்பகுதி நேப்பிள்ஸ் அரசின் ஆட்சியில் இருந்தது. இவர் நேப்பிள்சில் மருத்துவம் பயின்று பட்டம் பெற்றார். அக்காலத்தில் இயற்கை அறிவியலில் ஆர்வம் கொண்ட இளைஞர்களுக்கு மருத்துவப் படிப்பே வழக்கமான நுழைவாயிலாக இருந்தது. வேதியியல், தாவரவியல், விலங்கியல் ஆகிய மூன்றையும் ஓரிடத்தில் கற்க அதுவே வாய்ப்பளித்தது.

இவருடைய முதல் ஆய்வுகள் கனிமங்களைப் பற்றியவை அல்ல என்பது குறிப்பிடத்தக்கது. நேப்பிள்ஸ் கடற்பகுதியின் மெல்லுடலிகளை ஆராய்ந்து, 1836 இல் நேப்பிள்ஸ் அரசின் சிப்பி, சங்கு வகைகளுக்கு ஓர் அட்டவணை வெளியிட்டார். அந்நூலில் இவர் பெயரிட்ட இனங்கள் சிலவற்றின் அறிவியற் பெயருக்குப் பின்னால் ஸ்காக்கி, 1836 என்னும் குறிப்பு இன்றும் எழுதப்படுகிறது. சிறு வேறுபாடுகளைக் கண்டு இனம் பிரிக்கும் பழக்கம் இவருக்கு இங்கேயே அமைந்துவிட்டது எனலாம்.

பின்னர் நேப்பிள்ஸ் பல்கலைக்கழகக் கனிமவியல் துறையில் உதவியாளராகச் சேர்ந்த ஸ்காக்கி, 1844 இல் பேராசிரியர் பதவியையும் அருங்காட்சியக இயக்குநர் பதவியையும் ஏற்றார்.

அருங்காட்சியகம்

நேப்பிள்ஸ் அரச கனிம அருங்காட்சியகம் 1801 இல் மன்னர் நான்காம் பெர்டினாண்டின் ஆட்சியில் தொடங்கப்பட்டது. முன்னர் இயேசு சபையினரின் கல்லூரியாக இருந்த கட்டடத்தின் நூலக மண்டபமே அதற்கு ஒதுக்கப்பட்டது. 1845 இல் இத்தாலிய அறிவியலாளர்களின் ஏழாவது மாநாடு இம்மண்டபத்தில் நடைபெற்றது. 1848 புரட்சியின்போது சிறிது காலமே நீடித்த நேப்பிள்ஸ் நாடாளுமன்றமும் இங்கேயே கூடியது. அவ்வாண்டின் அரசியல் குழப்பம் அறிவியலாளர்களையும் விட்டுவைக்கவில்லை. வெசூவியஸ் வானாய்வு நிலையத்தின் முதல் இயக்குநரான மாசெதோனியோ மெல்லோனி பதவி நீக்கப்பட்டார். ஸ்காக்கியின் பணியோ தடையின்றித் தொடர்ந்தது.

எரிமலைக் கனிமங்களும் அவற்றின் சிக்கலும்

ஸ்காக்கியின் பணியைப் புரிந்துகொள்ள, வெசூவியசின் கனிமங்கள் எவ்வாறு தோன்றுகின்றன என்பதை அறிதல் வேண்டும். இவ்வெரிமலையிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட கனிம வகைகள் அறியப்பட்டுள்ளன. ஒரே எரிமலையில் இத்தனை வகைகள் கிடைப்பது அரிது. இதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன.

முதலாவது, வெசூவியசுக்கு அடியில் சுண்ணாம்புக்கல்லும் டோலமைட்டும் கொண்ட தடித்த பாறையடுக்கு உள்ளது. மேலெழும் பாறைக்குழம்பு அதனைச் சுட்டு, அதனுடன் வினைபுரிந்து, புதிய கனிமங்களை உருவாக்குகிறது. பழைய வெடிப்புகளில் வெளியே எறியப்பட்ட இத்தகைய பாறைத்துண்டுகள், வெசூவியசை அரைவட்டமாகச் சூழ்ந்துள்ள பழைய எரிமலை விளிம்பான மொண்டே சோமாவில் ஏராளமாகக் கிடைக்கின்றன.

இரண்டாவது, ஆவித்துளைகள். எரிமலைக் குழம்பின் வெடிப்புகளிலிருந்தும் எரிமலை வாயிலிருந்தும் சூடான வளிமங்கள் வெளியேறுகின்றன. அவற்றில் ஆவியாகக் கரைந்துள்ள உலோகக் குளோரைடுகளும் சல்பேட்டுகளும், குளிர்ந்த பரப்பில் பட்டவுடன் நீர்ம நிலையை அடையாமலே படிகங்களாகப் படிகின்றன. இதற்குப் பதங்கமாதல் என்று பெயர். சில அடி தொலைவுக்குள் வெப்பநிலை மிகவும் மாறுவதால், துளையின் வாய்க்கு அருகில் ஒரு கனிமமும் சற்றுத் தள்ளி வேறொரு கனிமமும் படியும். நவச்சாரமும் கந்தகமும் பெரும்பாலும் குளிர்ந்த புறப்பகுதிகளில் காணப்படும்.

இவ்வாறு படிந்தவற்றுள் பல நிலைத்து நிற்பதில்லை. ஒரு மழை அவற்றைக் கரைத்துவிடும். மழை பெய்யாவிட்டாலும் காற்றிலுள்ள ஈரமே போதும். ஆகவே வெடிப்பு ஓய்ந்து, வெப்பம் தணிந்து, ஈரம் இறங்குவதற்கு முன்பாக அங்கே செல்பவருக்கே அக்கனிமம் கிடைக்கும். எடுத்த மாதிரியையும் உடனே காற்றுப்புகாமல் அடைத்து வைக்க வேண்டும். இல்லையெனில் மலையில் எடுத்தது ஒன்றாகவும் ஆய்வுமேசையில் இருப்பது வேறொன்றாகவும் ஆகிவிடும்.

இத்துறையில் ஸ்காக்கிக்கு முன்னோடிகள் இருந்தனர். தெயோதோரோ மொந்திசெல்லி, நிக்கோலா கொவெல்லி ஆகிய இருவரும் 1825 இல் வெசூவியக் கனிமங்கள் பற்றி ஒரு நூல் வெளியிட்டிருந்தனர். ஈயக் குளோரைடான கொட்டுன்னைட்டை அவர்களே முதலில் விவரித்தனர். ஸ்காக்கி அவர்களிடமிருந்து வேறுபட்ட இடம் அளவீடு ஆகும். ஒளித்தெறிப்புக் கோணமானியைக் கொண்டு படிக முகங்களுக்கு இடையேயுள்ள கோணங்களை அளப்பதையே இவர் அடையாளம் காணும் முதன்மை வழியாகக் கொண்டார். வேதிப் பகுப்பாய்வுக்குப் போதிய அளவு பொருள் கிடைக்காதபோதும், மணலளவு படிகம் ஒன்று கிடைத்தால் இம்முறையைப் பயன்படுத்த முடியும்.

பெரிக்கிளேசு

1841 இல் ஸ்காக்கி பெரிக்கிளேசு என்னும் கனிமத்தை அறிவித்தார். மொண்டே சோமாவின் வெண்ணிறச் சுண்ணாம்புக்கல் துண்டுகளில் சிறு எண்முகிப் படிகங்களாக இது காணப்பட்டது. அடித்தால் ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகளிலும் சீராகப் பிளக்கும் தன்மையைக் கொண்டு, சுற்றிலும் உடைவது என்னும் பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து பெயரிட்டார். இதன் வேதியியற் கூறு மக்னீசியம் ஆக்சைடு ஆகும். மக்னீசியமும் கார்பனேட்டும் கொண்ட பாறை, மிகுந்த வெப்பத்தில் கரிமவளிமத்தை இழக்கும்போது இது எஞ்சுகிறது. நீருடன் சேர்ந்தால் புரூசைட்டாக எளிதில் மாறிவிடுவதால், புவியின் மேற்பரப்பில் இது அருகியே காணப்படுகிறது.

இக்கண்டுபிடிப்பின் முழு முக்கியத்துவம் ஸ்காக்கியின் காலத்தில் தெரிந்திருக்க வழியில்லை. 2,800 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட உருகுநிலை கொண்ட மக்னீசியம் ஆக்சைடு, பின்னாளில் உருக்காலை உலைகளின் உட்சுவர்ச் செங்கற்களுக்கு அடிப்படைப் பொருளாயிற்று. மேலும், இரும்பு கலந்த பெரிக்கிளேசு புவியின் கீழ் மூடகத்தில் மிகுதியால் இரண்டாம் இடம் வகிக்கும் கனிமம் எனத் தற்போது கருதப்படுகிறது. மேற்பரப்பில் அரிதான பொருள் ஒன்று ஆழத்தில் இவ்வளவு பெருகியிருப்பது வியப்புக்குரியது.

டைமார்ஃபைட்

ஸ்காக்கியின் கண்டுபிடிப்புகளில் நீண்ட காலம் ஐயத்துக்கு உள்ளானது டைமார்ஃபைட். இது வெசூவியசைச் சேர்ந்தது அன்று. நேப்பிள்சுக்கு மேற்கே, பொட்சுவோலி நகருக்கு அருகிலுள்ள சொல்ஃபத்தாரா எரிமலை வாயில் கண்டெடுக்கப்பட்டது. அங்கு குழம்பு வெளிவருவதில்லை. நீராவியும் கந்தக நாற்றமுடைய வளிமமும் இடைவிடாது வெளிவருகின்றன. பெரிய வாய் என்று பொருள்படும் பெயர் கொண்ட முதன்மை ஆவித்துளையின் வெப்பம் ஏறத்தாழ 160 பாகை செல்சியசு. சொல்ஃபத்தாராவில் கிடைத்த, கருநிறச் சல்பேட்டுக் கனிமம் ஒன்றுக்கு இயற்பியலாளர் அலெசாண்ட்ரோ வோல்ட்டாவின் நினைவாக வோல்ட்டைட் என்று 1841 இலேயே ஸ்காக்கி பெயரிட்டிருந்தார்.

1849 இல் கம்பானியா பகுதியின் நிலவியல் பற்றிய ஆய்வுரையில், அங்குள்ள ஆவித்துளையில் படிந்திருந்த செம்மஞ்சள் நிறமுடைய மிகச் சிறிய படிகங்களை விவரித்தார். அவை ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த பொருள். இவ்விரு தனிமங்களும் சேர்ந்த கனிமங்கள் இரண்டு ஏற்கெனவே நன்கு தெரிந்தவை. ஒன்று மஞ்சள் நிற அரிதாரம். மற்றொன்று சிவந்த மனோசிலை. இரண்டும் சித்த மருத்துவ நூல்களில் இடம்பெறும் பெயர்கள் ஆகையால் தமிழ் வாசகர்களுக்குப் புதியவை அல்ல. மூன்றாவதாக ஒன்று உண்டு என்பதே ஸ்காக்கியின் முடிவு. படிகங்கள் இரண்டு வகையான வடிவ அளவுகளைக் காட்டியதால் இருவடிவம் என்று பொருள்படும் பெயரை அதற்கு இட்டார்.

இம்முடிவை எல்லோரும் ஏற்கவில்லை. இது அரிதாரத்தின் படிகமே என்று வேறு சில கனிமவியலாளர்கள் கருதினர். அவர்களுடைய ஐயத்திலும் நியாயம் இருந்தது. கிடைத்த பொருள் மிகக் குறைவு. நிறமும் ஏறத்தாழ ஒன்றே. பொருளோ நச்சுத்தன்மை உடையது. ஆயினும் எடை விகிதத்தை நோக்கினால் வேறுபாடு தெளிவாகும். அரிதாரத்தில் கந்தகம் ஏறத்தாழ 39 விழுக்காடு. மனோசிலையில் 30 விழுக்காடு. டைமார்ஃபைட்டிலோ 24 விழுக்காடு மட்டுமே. அதாவது நான்கு ஆர்செனிக் அணுக்களுக்கு மூன்று கந்தக அணுக்கள்.

இதே விகிதமுடைய சேர்மம் பின்னர் ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் படிகங்களை அளந்தபோது, அவை ஸ்காக்கி தந்திருந்த கோணங்களுடன் பொருந்தின. கனிமம் தனி இனம் என்பது உறுதியாயிற்று. ஸ்காக்கி அப்போது உயிருடன் இல்லை. அவர் கோணங்களை எண்களாகப் பதிவு செய்யாமல் நிறத்தையும் தோற்றத்தையும் மட்டும் எழுதி வைத்திருந்தால் இச்சோதனைக்கு இடமே இருந்திருக்காது.

ஹியூமைட்டின் மூன்று வகைகள்

மொண்டே சோமாவின் துண்டுகளில் கிடைக்கும் ஹியூமைட் என்னும் மஞ்சள்-பழுப்பு நிறக் கனிமத்தை ஸ்காக்கி 1850 இல் விரிவாக ஆராய்ந்தார். ஒரே கனிமமாகக் கருதப்பட்ட இதன் படிகங்களை அளந்தபோது, அவை மூன்று வகைகளாகப் பிரிவதையும் அவற்றின் அச்சு நீளங்கள் எளிய எண் விகிதங்களில் தொடர்புற்றிருப்பதையும் கண்டார். ஒரே பொருள் ஏன் மூன்று விதமாகப் படிகமாகிறது என்பது அப்போது புரியாத புதிராக இருந்தது. அவருடைய இரண்டாம் வகை கொண்ட்ரோடைட் என்றும், மூன்றாம் வகை கிளினோஹியூமைட் என்றும் பின்னர் தனிக் கனிமங்களாக ஏற்கப்பட்டன. கிளினோஹியூமைட் என்னும் பெயரை 1876 இல் பிரெஞ்சு அறிஞர் தெ குளோய்சோ இட்டார். ஸ்காக்கி இறந்த மறு ஆண்டான 1894 இல் அமெரிக்கர்களான பென்ஃபீல்டும் ஹோவும் நடத்திய வேதிப் பகுப்பாய்வு, மூன்றும் ஒரே தொடரின் அடுத்தடுத்த உறுப்புகள் என்பதைக் காட்டியது. அத்தொடரில் விடுபட்டிருந்த முதல் உறுப்பான நோர்பெர்கைட் 1926 இல் சுவீடனில் கண்டறியப்பட்டது.

வெடிப்புகளும் களப்பணியும்

ஆகஸ்ட் 14, 1851 இல் மெல்ஃபி நகரைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. அதனையும் அருகிலுள்ள வுல்த்தூரே எரிமலையையும் இயற்பியலாளர் லூயிஜி பல்மியேரியுடன் இணைந்து ஆராய்ந்த ஸ்காக்கி, 1852 இல் அறிக்கை வெளியிட்டார். 1855 மே மாதத்து வெசூவியஸ் வெடிப்பு பற்றியும் பல்மியேரி, குவாரினி ஆகியோருடன் சேர்ந்து எழுதினார்.

ஒக்டோபர் 1868 வெடிப்பின் ஆவித்துளைகள் செப்புக் கனிமங்கள் நிறைந்தவை. அவற்றுள் நீரற்ற செப்பு சல்பேட்டான கால்கோசயனைட் முன்னர்க் கூறிய சிக்கலுக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. சூடான துளையிலிருந்து எடுக்கும்போது வெளிர்நிறமாக இருக்கும் இது, காற்றின் ஈரத்தை உறிஞ்சி நீலமாக மாறிவிடும். பள்ளி ஆய்வகங்களில் மயில்துத்தத்தைச் சூடாக்கி வெண்ணிறமாக்கிய பின் ஒரு துளி நீர் விட்டால் மீண்டும் நீலமாவதைப் பார்த்திருப்போம். அதே வினைதான் இங்கும் நடைபெறுகிறது. நீரையும் நீல நிறத்தையும் குறிக்கும் பெயரையே ஸ்காக்கி முதலில் இதற்கு இட்டிருந்தார். இதே வெடிப்பின் படிவுகளிலிருந்து பழுப்பு நிற டொலெரோஃபனைட்டும் விவரிக்கப்பட்டது. மெலனோதாலைட் என்னும் கருநிறச் செப்புக் குளோரைடுக் கனிமமும் இவர் விவரித்ததே. அது காற்றில் பச்சையாக மாறும் இயல்புடையது.

ஏப்ரல் 1872 வெடிப்பு கொடியது. ஏப்ரல் 26 அன்று திடீரெனப் பாய்ந்த குழம்பில், அதனைக் காண மேலே சென்றிருந்தோர் பலர் உயிரிழந்தனர். மாசா தி சோமா, சான் செபாஸ்தியானோ ஆகிய ஊர்கள் அழிவுக்குள்ளாயின. இவ்வெடிப்பில் வெளியே எறியப்பட்ட பழைய பாறைத்துண்டுகளின் உட்குழிகளில் புதிய படிகங்கள் ஒட்டியிருந்ததை ஸ்காக்கி கவனித்தார். அவற்றுள் உப்புகள் மட்டுமன்றி லூசைட், ஓசைட் போன்ற சிலிக்கேட்டுகளும் இருந்தன. பாறைக்குழம்பு உறைவதால் மட்டுமே தோன்றும் எனக் கருதப்பட்ட சிலிக்கேட்டுகள், வளிமங்களின் செயலாலும் தோன்றக்கூடும் என்று இவர் வாதிட்டார். மைக்ரோசோமைட் இந்தத் துண்டுகளிலிருந்தே அறியப்பட்டது. கனிமவியல் வரலாற்றில் இக்கருத்து, புதுக் கனிமங்களின் பட்டியலைவிட மதிப்புமிக்கது எனக் கொள்ளலாம்.

வெஸ்பியம்

ஸ்காக்கியின் எல்லா முடிவுகளும் காலத்தை வென்றவை அல்ல. 1631 ஆம் ஆண்டு உறைந்த வெசூவியஸ் குழம்பின் மேல் மெல்லிய வண்ணப் படலங்கள் சில இடங்களில் காணப்படுகின்றன. அவற்றில் புதிய வேதித் தனிமம் ஒன்று இருப்பதாக 1879 இல் அறிவித்து, வெசூவியசின் பண்டைய பெயர்களுள் ஒன்றைத் தழுவி அதற்கு வெஸ்பியம் என்று பெயரிட்டார். அப்போது அவருக்கு வயது 69. தனிம அட்டவணையின் வெற்றிடங்களை நிரப்பப் பலரும் முயன்றுகொண்டிருந்த காலம் அது. நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் காலியம் கண்டறியப்பட்டிருந்தது. ஆனால் வெஸ்பியம் தனிமமாக நிலைபெறவில்லை. ஏற்கெனவே அறியப்பட்ட தனிமங்களே அப்படலங்களில் இருந்தன. படிகமற்ற மெல்லிய படலத்தில் அளப்பதற்குக் கோணங்கள் இல்லை என்பது இங்கே நினைக்கத்தக்கது. அவருடைய வலிமையான கருவி இவ்விடத்தில் பயன்படவில்லை.

படிகவியல்

ஆய்வகத்தில் கரைசல்களிலிருந்து படிகங்களை வளர்த்தும் ஸ்காக்கி ஆராய்ந்தார். படிக முகங்கள் கொள்கைப்படி இருக்க வேண்டிய நிலையிலிருந்து சிறிதளவு விலகியிருப்பது பற்றி 1862 இலும், பின்னர் ஒரே பொருளின் படிகங்கள் வேறுபட்ட சமச்சீர்களைக் காட்டுவது பற்றியும் ஆய்வுரைகள் எழுதினார்.

பிற்காலம்

இத்தாலி ஒன்றிணைந்தபின் 1861 இல் ஸ்காக்கி புதிய அரசின் மேலவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். நாற்பதின்மர் என வழங்கப்படும் இத்தாலிய அறிவியற் கழகத்தின் தலைவராகவும் பணியாற்றினார். 1887 இல் வெசூவியக் கனிமங்களின் அட்டவணையை, ஒவ்வொன்றின் வேதியியற் கூறும் கிடைக்குமிடமும் குறித்து வெளியிட்டார். மகன் எவுஜேனியோ ஸ்காக்கியும் கனிமவியலாளரே. தந்தை அக்டோபர் 11, 1893 இல் நேப்பிள்சில் காலமானார்.

ஃபெருச்சோ சம்போனினி 1910 இல் வெளியிட்ட வெசூவியக் கனிமவியல் பெருநூல், ஸ்காக்கியின் விவரிப்புகளை ஒவ்வொன்றாக மீளாய்வு செய்தது. சில பெயர்கள் நீக்கப்பட்டன. பல நிலைபெற்றன. வெசூவியஸ் கடைசியாக 1944 இல் வெடித்தது. அதன்பின் உயர்வெப்ப ஆவித்துளைகள் அங்கு ஓய்ந்துவிட்டதால், ஸ்காக்கி சேகரித்த செப்புக் கனிமங்கள் புதிதாகத் தோன்றும் இடம் அதுவாக இல்லை. எனினும் ரஷ்யாவின் கம்சாத்கா தீபகற்பத்தில் தோல்பாச்சிக் எரிமலை 1975–76 இல் வெடித்தபின், அதன் ஆவித்துளைகளில் கால்கோசயனைட், டொலெரோஃபனைட், மெலனோதாலைட் ஆகிய மூன்றும் கண்டறியப்பட்டன. நூறாண்டுகளுக்கு முந்தைய விவரிப்புகள் அவற்றை அடையாளம் காணும் அடிப்படையாயின.

ஸ்காக்கியின் பெயரால் 1869 இல் ஒரு வெசூவியக் கனிமத்துக்கு ஸ்காக்கைட் என்று பெயரிடப்பட்டது. இது மாங்கனீசு குளோரைடு ஆகும். திறந்த காற்றில் வைத்தால் ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்துவிடும் தன்மை கொண்டது.